வால்வு ஆம்ப்ளிஃபையர் பழுது: வாசகர் கேள்வி - பதில்

ஸ்டீரியோ எல்பி இசைத்தட்டுகள் 1958இல் விற்பனைக்கு வந்தபின், டர்ன்டேபிள், ரேடியோ, ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே மரப்பெட்டிக்குள் அடக்கிய கன்சோல் ஸ்டீரியோக்கள் ஏராளமாக வந்தன. மரம் செல்லரித்துப் போயிருந்தாலும் உள்ளே இருக்கும் வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையரைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அதைப் பற்றி வந்த கேள்விகள் இங்கே.

கேள்வி: கன்சோலிலிருந்து கழற்றிய ஆம்ப்ளிஃபையர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பல வருடமாக ஓடாதது. ஒரே ஒருமுறை பிளக்கில் செருகி, பாடுகிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஒருமுறையில்தான் பல ஆம்ப்ளிஃபையர்கள் போய்விடுகின்றன. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரில் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) அலுமினியத் தகட்டின்மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் அந்தப் படலம் நலிந்துவிடும். உள்ளே இருக்கும் ஈரமும் வற்றிவிடும். அந்த நிலையில் 300 வோல்ட் ஏறினால் கண்டென்சர் ஷார்ட் ஆகும். ஷார்ட் இழுக்கும் மின்னோட்டம் முழுவதும் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வழியாகவும் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவும்தான் போயாக வேண்டும். கண்டென்சர் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், வால்வும் கிடைக்கும். அந்த ஆம்ப்ளிஃபையருக்கென்றே சுற்றிய மெயின் டிரான்ஸ்ஃபார்மரும் இரண்டு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்களும் அப்படிக் கிடைக்காது. சரியாகச் சொன்னால் உங்கள் கைக்கு வந்திருக்கும் சொத்து அந்த மூன்று இரும்புகள்தான். அவற்றுக்கு ஆபத்து வராத வரிசையில் வேலை செய்யுங்கள்.

முதலில் மின்சாரமே கொடுக்காமல் மீட்டரால் பாருங்கள். மெயின் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி (உள்வரும் பக்கச் சுற்று) சில ஓம் காட்ட வேண்டும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில், ஹெச்டி (வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்ட்டேஜ்) வரும் முனையிலிருந்து ஒவ்வொரு அவுட்புட் வால்வின் பிளேட் (மின்னோட்டம் வந்து சேரும் தகடு) முனைக்கும் 100 முதல் 300 ஓம் வரை காட்டும். இரண்டு பாதிக்கும் 10, 20 சதவீதம் வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம். வெளிப்பக்கம் சுற்றிய பாதியில் கம்பியின் நீளம் கூடும், அவ்வளவுதான். ஒரு பாதி ஓப்பன் என்றால் அந்தச் சேனலின் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது.

அடுத்து சீரீஸ் லேம்ப். ஒரு ஹோல்டரில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, மெயின் லைனுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே தொடரிணைப்பில் வையுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது; இழை சூடாகும்போது அதன் மின்தடை கூடுவதுதான் இங்கே நமக்குப் பாதுகாப்பு. எல்லா வால்வுகளையும் பிடுங்கிவிட்டு மின்சாரம் கொடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருந்தால் பல்பு எரிவதே தெரியாது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே சுற்றுகள் ஒட்டிவிட்டன. பல்பு மங்கலாகவே இருந்தால் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) சுற்றிலும் ஹெச்டி சுற்றின் இரு பக்கங்களிலும் ஏசி வோல்ட்டேஜ் அளவெடுங்கள். ஹெச்டியின் இரு பக்கமும் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும். பிறகு ரெக்டிஃபையரைத் தவிர மற்ற வால்வுகளைச் செருகி ஹீட்டர்கள் செந்நிறமாக ஒளிர்கின்றனவா என்று பாருங்கள். ரெக்டிஃபையர் உள்ளே போவது கண்டென்சர்களை மாற்றிய பிறகுதான், ஸ்பீக்கரையோ லோடு ரெசிஸ்டரையோ இணைத்துவிட்டுத்தான். வால்வுக்குப் பதில் சிலிக்கான் டயோடு உள்ள ஆம்ப்ளிஃபையரில் டயோடிலிருந்து கண்டென்சருக்குப் போகும் ஒயரை அதுவரை கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்விட்சைப் போட்ட நொடியே ஹெச்டி ஏறிவிடும்.

வேரியாக்கில் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மெதுவாக வோல்ட்டேஜை ஏற்றிப் பழைய கண்டென்சர்களை எழுப்பிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். வால்வு ரெக்டிஃபையர் உள்ள ஆம்ப்ளிஃபையரில் இது நினைத்தபடி நடக்காது. ஹீட்டர் போதிய அளவு சூடாகும்வரை ரெக்டிஃபையர் கடத்தாது. வேரியாக் பாதி தாண்டும்வரை கண்டென்சருக்கு ஒன்றும் போகாது. பிறகு ஒரேயடியாகப் போகும்.

கேள்வி: என் கன்சோல் ஆம்ப்ளிஃபையரில் பெரிய மெயின் டிரான்ஸ்ஃபார்மரையே காணோம். வால்வுகளின் எண்கள் 35, 50 என்று தொடங்குகின்றன. இதையும் அதே முறையில் செய்யலாமா?

பதில்: இது ஹாட் சேஸிஸ் வகை. அமெரிக்க வால்வு எண்ணின் முதல் பகுதி ஹீட்டர் வோல்ட்டேஜைக் குறிக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஐந்து வால்வு ரேடியோக்களில் 12, 12, 12, 35, 50 என்று வால்வுகள் வரும், கூட்டினால் 121. ஹீட்டர்கள் எல்லாம் தொடரிணைப்பில் நேராக 117 வோல்ட் லைனில் தொங்குகின்றன என்று அர்த்தம். லைனின் ஒரு கம்பி சேஸிஸோடு, அதாவது பாகங்கள் பொருத்திய தகரச் சட்டத்தோடு, சேர்ந்திருக்கும். பிளக் எந்தப் பக்கம் செருகப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, தகரத்தைத் தொட்டாலே உயிர் போகலாம்.

இதில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மெயின் லைனோடு நேரடித் தொடர்பைத் துண்டிக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) இல்லாமல் கையே வைக்காதீர்கள். வேரியாக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரும் ஐசோலேஷன் தராது. மூன்று முள் ஒயர் போட்டு சேஸிஸை எர்த் செய்வதும் இதற்குத் தீர்வல்ல. ஃபேஸ் கம்பி சேஸிஸில் இருந்தால் நேரடி ஷார்ட் ஆகிவிடும். ஃபோனையோ வேறு கருவியையோ இதில் இணைக்கும் எண்ணம் இருந்தால், ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை ஆம்ப்ளிஃபையரோடு நிரந்தரமாகப் பொருத்தியே ஆக வேண்டும். அதற்கு ஆகும் செலவையும் இதிலிருந்து கிடைக்கும் சில வாட்டையும் பார்த்தால், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வேறு ஆம்ப்ளிஃபையரைத் தேடுவதே நல்லது.

கேள்வி: எல்லாக் கண்டென்சர்களையும் மாற்ற வேண்டுமா? அழகாக இருக்கும் பழைய பாகங்களைப் பிடுங்க மனம் வரவில்லை.

பதில்: எல்லாவற்றையும் அல்ல. எலக்ட்ரோலிட்டிக், காகிதக் கண்டென்சர் இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும். மைக்காவும் செராமிக் டிஸ்க்கும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், விட்டுவிடுங்கள்.

காகிதக் கண்டென்சர் மெழுகு பூசியதாகவோ, வண்ணக் கோடுகள் போட்ட கறுப்பு உருளையாகவோ இருக்கும். வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே காகிதம் ஈரத்தை இழுத்திருக்கும், கசியும். கசிவு கொஞ்சம்தானே என்று தோன்றும். கப்ளிங் கண்டென்சரில் (ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு ஒலியை மட்டும் கடத்துவது) அந்தக் கொஞ்சம் என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்தைய வால்வின் பிளேட்டில் 150 வோல்ட், கண்டென்சரின் கசிவு 30 மெகாஓம், அவுட்புட் வால்வின் கிரிட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) ரெசிஸ்டர் 470 கிலோஓம் என்று வைத்துக்கொள்வோம். கிரிட்டில் ஏறத்தாழ 2.3 வோல்ட் பாசிட்டிவ் ஏறும். தனியாக ஓடும் ஈஎல்84 வால்வு 250 வோல்ட்டில் 7.3 வோல்ட் பயாஸில் (கேத்தோடு எனும் மின்னோட்டம் கிளம்பும் முனையைவிட கிரிட் நெகட்டிவாக இருக்கும் அளவு) 48 மில்லியாம்பியர் இழுக்க வேண்டியது. இந்த 2.3 வோல்ட்டால் இன்னும் 10 மில்லியாம்பியர் கூடிவிடும். 250 வோல்ட்டை 58 மில்லியாம்பியரால் பெருக்கினால் 14.5 வாட். அந்த வால்வின் பிளேட் தாங்குவது 12 வாட். சாதாரண மீட்டரின் ஓம் அளவில் 30 மெகாஓம் கசிவு கண்ணிலேயே படாது. வால்வோ மாதக்கணக்கில் மெல்லச் சாகும், அதோடு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் தேவையில்லாமல் சூடேறிக்கொண்டிருக்கும்.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு அவுட்புட் வால்வை மட்டும் பிடுங்கிவிட்டு ஆம்ப்ளிஃபையரை ஓடவிடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அந்தச் சாக்கெட்டின் கிரிட் முனையில் அளவெடுங்கள்: ஈஎல்84 என்றால் 2ஆம் முனை, 6வி6 என்றால் 5ஆம் முனை. கேத்தோடு பயாஸ் (கேத்தோடு ரெசிஸ்டரிலேயே பயாஸ் உண்டாகும் முறை) உள்ள ஆம்ப்ளிஃபையரில் அங்கே பூஜ்ஜியம் காட்ட வேண்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கண்டென்சர் கசிகிறது. புதிதாகப் போடுவது அதே மதிப்பில், 0.022, 0.047, 0.1 மைக்ரோஃபாரட் எதுவானாலும், 630 வோல்ட் பிலிம் வகையாக இருக்கட்டும். கேத்தோடு ரெசிஸ்டருக்குக் குறுக்கே உள்ள 25 மைக்ரோஃபாரட் போன்ற சிறிய எலக்ட்ரோலிட்டிக்குகளை மறந்துவிடாதீர்கள். அவை வற்றினால் ஒலி மெலியும், பாஸ் குறையும்.

எதையும் தொடுமுன் பழைய மின்னூட்டத்தை இறக்குங்கள். 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் கிளிப் ஒயர் மாட்டி, ஒன்றை சேஸிஸிலும் மற்றதைக் கண்டென்சரின் பாசிட்டிவிலும் கடிக்க வையுங்கள். மொத்தம் 100 மைக்ரோஃபாரட் இருந்தால் ஐந்து நொடியில் 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். மீட்டரில் பார்த்து உறுதி செய்யுங்கள். வேலை முடியும்வரை கிளிப் அங்கேயே இருக்கட்டும், ஏனென்றால் கண்டென்சர் தானாகவே கொஞ்சம் வோல்ட்டேஜை மீண்டும் எழுப்பிக்கொள்ளும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: சேஸிஸின் மேல் நிற்கும் அலுமினிய டப்பா கண்டென்சரில் ஒரு நெகட்டிவ், நான்கு பாசிட்டிவ் முனைகள். எது எந்த மதிப்பு? பெரிதாகவே போட்டுவிட்டால் ஹம் (ஸ்பீக்கரில் வரும் ரீங்காரம்) குறையுமா?

பதில்: டப்பாவின் அடியில் ஒவ்வொரு முனைக்குப் பக்கத்திலும் வெட்டுக்குறி இருக்கும்: சதுரம், முக்கோணம், அரைவட்டம், குறியே இல்லாதது என்று. டப்பாவின் பக்கவாட்டில் அதே குறிகளுக்கு எதிரே மைக்ரோஃபாரட்டும் வோல்ட்டும் அச்சிட்டிருக்கும். முதலில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டப்பா மேலே அழகுக்கு நிற்கட்டும். அதன் முனைகளிலிருந்து ஒயர்களை முழுதாகக் கழற்றி, சேஸிஸுக்கு அடியில் டேக் ஸ்ட்ரிப் (சால்டர் முனைகள் கொண்ட பட்டை) ஒன்று போட்டு, 105 டிகிரி, 450 வோல்ட் வகைக் கண்டென்சர்களை அதில் சால்டர் செய்யுங்கள். பழையதன்மேலேயே புதியதை இணையாகப் போடக் கூடாது. பழையதன் கசிவு அப்படியே தொடரும்.

40 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 47 போடலாம். 220 போடக் கூடாது. ரெக்டிஃபையரை ஒட்டிய முதல் கண்டென்சருக்கு அந்த வால்வே உச்சவரம்பு வைத்திருக்கிறது: 5யூ4ஜிபிக்கு 40, ஈஇசட்81க்கு 50, ஜிஇசட்34க்கு 60 மைக்ரோஃபாரட். கண்டென்சர் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு அரைச்சுற்றின் உச்சியிலும் மின்னோட்டம் ஒரு சம்மட்டி அடி போல ஏறும், ரெக்டிஃபையருக்குள் பொறி பறக்கும். ஹம் குறைய வேண்டுமென்றால் இரண்டாவது, மூன்றாவது பிரிவைச் சற்றுக் கூட்டுங்கள், முதலாவதைத் தொடாதீர்கள்.

450 வோல்ட் ஏன் என்றால், 5யூ4 ரெக்டிஃபையர் சில நொடிகளில் சூடாகிவிடும், அவுட்புட் வால்வுகளுக்கு இன்னும் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் ஹெச்டியை இழுக்க ஆளில்லை. 300 வோல்ட் ஏசி தரும் சுற்று கண்டென்சரை 420 வோல்ட் வரை ஏற்றிவிடும். ஓடும்போது 320 வோல்ட்தானே காட்டுகிறது என்று 350 வோல்ட் வகை போட்டால், ஒவ்வொருமுறை ஸ்விட்சைப் போடும்போதும் அது அடி வாங்கும்.

கேள்வி: ஆம்ப்ளிஃபையர் மட்டும் இருக்கிறது, ட்யூனர் (ரேடியோ பகுதி) இல்லை. ஸ்விட்ச், வால்யூம் எதுவும் இதில் இல்லை. ஃபோனிலிருந்து பாட வைக்க முடியுமா?

பதில்: முடியும். கன்சோல்களில் வால்யூமும் டோனும் ஆன்-ஆஃப் ஸ்விட்சும் ட்யூனர் பக்கம் இருப்பது வழக்கம். ஆம்ப்ளிஃபையரின் பல முள் சாக்கெட் வழியாக மெயின் லைன் ட்யூனருக்குப் போய், ஸ்விட்சைத் தொட்டுத் திரும்பி வரும். அதே சாக்கெட்டில் ட்யூனருக்கான ஹெச்டியும் ஹீட்டரும் இருக்கலாம். எது எது என்று ஒயரைப் பின்தொடர்ந்து உறுதி செய்யாமல் எந்த இரு முள்ளையும் இணைக்காதீர்கள்.

சாக்கெட்டின் மெயின் இணைப்பை அடியோடு நீக்கிவிட்டு, மூன்று கம்பி ஒயர் ஒன்றைப் புதிதாகப் போடுவது நல்லது. ஃபேஸ் முதலில் ஃபியூஸுக்கு, அங்கிருந்து ஸ்விட்சுக்கு, பிறகு டிரான்ஸ்ஃபார்மருக்கு. எர்த் கம்பியைப் பெயிண்ட் சுரண்டிய இடத்தில் பல் வாஷரும் தனி நட்டும் போட்டு சேஸிஸில் இறுக்குங்கள். லைனுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு பழைய காகிதக் கண்டென்சர் இருந்தால் வெட்டி எறியுங்கள். அது ஷார்ட் ஆனால் சேஸிஸில் முழு மெயின் வோல்ட்டேஜும் நிற்கும். 117 வோல்ட்டில் 100 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு 1.5 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் சரியாக இருக்கும்.

வால்யூமுக்கு 100 கிலோஓம், லாக் (மடக்கை) வகை, இரட்டைக் கன்ட்ரோல் ஒன்று போதும். நடு முனை கிரிட் பக்கம், ஷீல்டு ஒயரில். ஃபோனின் சத்தம் பெரும்பாலான கன்சோல் ஆம்ப்ளிஃபையர்களுக்குத் தாராளம். ஏனென்றால் இவை அரை வோல்ட்டுக்கு மேல் தரும் செராமிக் கார்ட்ரிட்ஜை (இசைத்தட்டு ஊசியைத் தாங்கும் பாகம்) மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அதே காரணத்தால் இன்றைய மேக்னடிக் கார்ட்ரிட்ஜை நேராக மாட்டினால் கேட்கவே கேட்காது. அதற்குத் தனி ஃபோனோ ப்ரீஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

கேள்வி: கண்டென்சர்கள் மாற்றியும் ஹம் போகவில்லை.

பதில்: முதலில் அது எந்த ஹம் என்று காதால் பிரியுங்கள். ஃபில்டர் (ஹெச்டியை மட்டமாக்கும் கண்டென்சர்கள்) சரியில்லாவிட்டால் லைன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கில், 100 அல்லது 120 ஹெர்ட்ஸில், கொஞ்சம் கரகரப்பாகக் கேட்கும். ஹீட்டரிலிருந்தோ எர்த் தவறிலிருந்தோ வந்தால் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் ஆழ்ந்த முனகலாக இருக்கும். பிறகு முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு வால்வாகப் பிடுங்குங்கள். முன்பக்கச் சிறிய வால்வான 12ஏஎக்ஸ்7ஐ எடுத்ததும் ஹம் நின்றால் குற்றம் அதற்கு முன்னாலோ அதிலோ இருக்கிறது. எடுத்தும் நிற்காவிட்டால் அவுட்புட் பகுதி அல்லது ஃபில்டர். புஷ்-புல் ஜோடியில் (மாறிமாறி இழுக்கும் இரு அவுட்புட் வால்வுகள்) ஒரு வால்வு தளர்ந்திருந்தாலும் ஹம் வரும். இரு வால்வும் சமமாக இழுக்கும்போதுதான் ஹெச்டியில் உள்ள அலை டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

ஹீட்டர் சுற்றுக்கு நடு முனை எர்த் இல்லாவிட்டால், இரு ஹீட்டர் ஒயரிலிருந்தும் தலா 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டரை சேஸிஸுக்குப் போடுங்கள். ஏற்கெனவே நடு முனையோ ஒரு பக்கமோ எர்த் ஆகியிருந்தால் இதைச் செய்யக் கூடாது. ஹம்முக்குப் பதில் மோட்டார் படகு போல டுப்-டுப் என்று அடித்தால், ப்ரீ ஆம்ப்ளிஃபையருக்கு ஹெச்டி கொடுக்கும் கடைசி ஃபில்டர் பிரிவைப் பாருங்கள். அது விட்டுப்போயிருக்கும், அல்லது சால்டர் பிடித்திருக்காது.

கேள்வி: ஈஎல்84 வால்வுகள் நான்கு. கையை அருகில் கொண்டுபோக முடியாத சூடு. இது இயல்பா?

பதில்: கண்ணாடி கைபொறுக்காத சூடாக இருப்பது இயல்பே. இருட்டில் பிளேட்டின் ஓரம் சிவந்து தெரிந்தால் உடனே அணையுங்கள். சூட்டைக் கையால் பார்க்காமல் அளந்து பாருங்கள். ஒரு சேனலின் இரு வால்வுக்கும் பொதுவான கேத்தோடு ரெசிஸ்டர் 130 ஓம் என்றால், அதன் குறுக்கே 10.4 வோல்ட் காட்டும்போது மொத்தம் 80 மில்லியாம்பியர், ஒரு வால்வுக்கு 40. அதில் ஸ்க்ரீனுக்கு (வால்வின் இரண்டாவது கிரிட்) பத்தில் ஒரு பங்கு போக, பிளேட்டுக்கு 36. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 300 வோல்ட் இருந்தால் 10.8 வாட். வரம்புக்குள்தான். அதே இடத்தில் 13 வோல்ட் காட்டினால் 13.5 வாட் ஆகிறது, அது தாங்காது. கப்ளிங் கசிவு இல்லையென்று உறுதியானால், ரெசிஸ்டரை 150 அல்லது 160 ஓம், 5 வாட் என மாற்றுங்கள். பழைய ரெசிஸ்டரின் மதிப்பையே மீட்டரில் பாருங்கள், அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள்.

நான்கு வால்வுக்கும் ஒரே கேத்தோடு ரெசிஸ்டர் இருந்தால் நான்கால் வகுக்க வேண்டும். அந்த அமைப்பில் ஒரு வால்வு தளர்ந்தாலும் மற்ற மூன்றும் அதன் சுமையை ஏற்றுக்கொள்ளும். ஆகவே மாற்றும்போது நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

இன்னொன்று: சாக்கெட் அருகே 7189 என்று அச்சிட்டிருந்தால், அது அதிக வோல்ட்டேஜ் தாங்கும் ஈஎல்84. பொருந்துகிறதே என்று சாதாரண ஈஎல்84ஐ, அதாவது அமெரிக்கப் பெயரில் 6பிகியூ5ஐ, செருகாதீர்கள். 300 வோல்ட் வரம்புள்ள வால்வு அங்கே நீடிக்காது.

கேள்வி: 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கன்சோலை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் உள்ள வீட்டில் ஓட்ட ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதுமா?

பதில்: வோல்ட்டேஜுக்குப் போதும். அதிர்வெண் மாறாது. 50 ஹெர்ட்ஸில் அதே வோல்ட்டேஜுக்கு மெயின் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு 20 சதவீதம் கூடுதல் காந்தப்புலத்தைச் சுமக்கிறது. முழு அளவுக்கு வடிவமைத்த டிரான்ஸ்ஃபார்மர் இதில் முனகும், கொதிக்கும். 110 வோல்ட் தரும் ஸ்டெப்-டவுனைப் போடுங்கள். ஹீட்டருக்கு 5.9 வோல்ட் கிடைக்கும், அது போதுமானது. ஒரு மணி நேரம் ஓடியபின் டிரான்ஸ்ஃபார்மரின் மேல் கையை வைத்திருக்க முடியாவிட்டால் இன்னும் குறைக்க வேண்டும்.

டர்ன்டேபிள் மோட்டார் லைன் அதிர்வெண்ணோடு ஓடுவது. 33⅓ சுற்று ஏறத்தாழ 28 ஆகிவிடும், குரல்கள் இழுத்துப் பாடும். 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி கிடைத்தால் மட்டுமே இது சரியாகும்.

கேள்வி: வால்வுகளையும் சாக்கெட்டுகளையும் எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: வால்வின் எண் எழுதிய இடத்தைத் துடைக்காதீர்கள், ஒரு விரல் பட்டாலே அழிந்துவிடும். முனைகளை மட்டும் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். சாக்கெட்டில் கான்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டு வால்வை நாலைந்து முறை செருகி எடுங்கள். தளர்ந்த பிடியை ஊசி முனையால் உள்பக்கம் நெருக்குங்கள், மெயின் ஒயர் சுவரிலிருந்து பிடுங்கியிருக்கும்போது மட்டும். கண்ணாடிக்குள் இருக்கும் வெள்ளி நிறப் பூச்சு பால் வெள்ளையாகிவிட்டிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு முடிந்தது.

கேள்வி: பழைய ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டேன். சோதனை செய்யும்போது ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டலாமா? என்னிடம் இருப்பது 8 ஓம்; பழையதில் 16 என்று எழுதியிருக்கிறது.

பதில்: ஸ்பீக்கர் இல்லாமல் சிக்னல் கொடுத்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் வோல்ட்டேஜ் கட்டுப்பாடின்றி எழும்பும், சுற்றுகளுக்கு நடுவே அல்லது சாக்கெட்டின் முனைகளுக்கு நடுவே பொறி பாயும். சோதனைக்கு ஒவ்வொரு சேனலிலும் 20 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, ஸ்பீக்கருக்குரிய ஓம் மதிப்பில், சால்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

16 ஓம் முனையில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வுகள் பார்க்கும் சுமை பாதியாகிவிடும். மெதுவாகக் கேட்கும்போது கெடுதல் இல்லை. உரக்க வைத்தால் சத்தம் சிதையும், ஸ்க்ரீன்கள் சூடேறும். டிரான்ஸ்ஃபார்மரில் உண்மையில் எந்த விகிதம் இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். எல்லா ஒயரையும் கழற்றி, ஸ்பீக்கர் பக்கம் 1 வோல்ட் ஏசி கொடுத்து, பிளேட்டுக்குப் பிளேட் அளவெடுங்கள். 31.6 வோல்ட் வந்தால் ஓம் விகிதம் அதன் வர்க்கமான 1000. ஈஎல்84 ஜோடிக்கு வேண்டிய 8000 ஓமுக்கு அங்கே 8 ஓம் ஸ்பீக்கர் சரி. 22.4 வோல்ட் வந்தால் விகிதம் 500, ஸ்பீக்கர் 16 ஓம். அப்படியிருந்தால் ஒரு சேனலுக்கு இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைத் தொடரிணைப்பில் மாட்டுங்கள்.